செய்யுள்வழிச் சரித்திரம் பயிற்றல்: கொங்குநாட்டுப் பதிகங்கள் இரண்டு

சரித்திரம் என்பது அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் நிரல்படக் கூறும் ஒரு பட்டி என்பதே பள்ளி மாணாக்கர் பலரும் கொண்டுள்ள கருத்து. தேர்வு முடியும்வரை அப்பட்டி அவர் நினைவில் நிற்கின்றது. தேர்வு கழிந்த சின்னாளில் மறைந்தொழிகின்றது. பண்டைத் திண்ணைப்பள்ளிகளிற் சரித்திரம் என்றொரு பாடம் தனியே இருந்ததில்லை. ஆயினும் நீதிநூலும் சதகமும் மாலையும் மனனஞ்செய்த சிறுவன், தன் நாட்டின் ஆறு, மலை, ஊர், கோயில், வள்ளல் ஆகியவற்றின் செய்திகளைச் செய்யுளோடு சேர்த்தே அறிந்திருந்தான். முதுமைவரை அவற்றை மறந்தானுமல்லன். ஆனால் அவன் அறிந்தவற்றுள் நிகழ்ந்தது எது, வழிவழிக் கேட்கப்பட்டது எது, புலவன் புனைந்தது எது எனப் பகுத்துக் காணுமாறு அவனுக்கு எவரும் கற்பித்திலர். இக்காலப் பாடத்திற் சுவை குறைவு. அக்காலப் பாடத்தில் ஆராய்ச்சி குறைவு. இவ்விரு குறையும் நீங்குமாறு செய்யுளைக் கருவியாகக் கொண்டு சரித்திரம் பயிற்றும் முறை யாது என்பது ஈண்டு ஆராயப்படும்.

இத்தகைய பொருளைப் பொதுவகையாற் பேசுதலினும் ஓரிடத்தைப் பற்றிநின்று பேசுதல் பயனுடைத்து. தேவாரப் பாடல்பெற்ற கொங்குநாட்டுத் தலங்கள் ஏழு. அவற்றுள் திருப்புக்கொளியூர் அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் ஒன்றற்கொன்று அணித்தாய், 2009ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற திருப்பூர் மாவட்டத்துள் அடங்கியன. அவிநாசி என்பது இறைவன் திருப்பெயரானும் திருக்கோயிலானும் வழங்கி, பின் ஊர்க்கே பெயராயிற்று. ஊரின் பழம்பெயர் புக்கொளியூர். இவ்விரண்டு தலங்கட்கும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய பதிகங்கள் ஏழாந் திருமுறையுள் முறையே 92ஆவதாகவும் 49ஆவதாகவும் உள்ளன. சுவாமிகள் 8ஆம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. பின்னலாடைத் தொழிலால் உலகெங்கும் பெயர்பெற்ற திருப்பூர்ப் பகுதியின் மாணாக்கர்க்கு, ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன் தம் ஊர்ப்புறம் எங்ஙனம் இருந்தது என்பதனைக் காட்டுதற்கு இவ்விரு பதிகங்களினும் சிறந்த கருவி வேறு கிடைத்தல் அரிது.

முதற்கண் திருமுருகன்பூண்டிப் பதிகத்தை நோக்குக. அதன்கண் வரும் செய்தி வருமாறு: கொடிய வில்லை ஏந்திய வடுக வேடுவர் வழிச்செல்வாரை மறித்து, வில்லைக் காட்டி வெருட்டி, கடுஞ்சொற் சொல்லி, கல்லால் எறிந்தும் மோதியும் குத்தியும் அவர்தம் கூறையைப் பறிக்கின்றனர். அங்ஙனம் பறிப்பாரும் செல்வராயினாரல்லர். தாமே கிழிந்த கூறையை உடுத்து, இடையில் ஓர் உடைவாளைச் செருகித் திரிகின்றனர். முல்லை மணங்கமழும் இம்மாநகரில் எல்லையைக் காக்கும் காவல் ஒன்றும் இல்லையாயின், எம்பெருமானே, நீர் எதன்பொருட்டு இங்கு வீற்றிருக்கின்றீர் என்று தோழமை உரிமையாற் சுவாமிகள் வினவுகின்றார். பாட்டுத்தோறும் இவ்வினாவே வெவ்வேறு காரணம் பற்றி எழுகின்றது.

இப்பதிகத்தைக் கையிலெடுக்கும் ஆசிரியன் முதற்கண் செய்யற்பாலது சொற்பொருளைத் தெளிவித்தல். கூறை என வல்லின றகரம் பெற்றுவருஞ் சொல் ஆடையைக் குறிப்பது. கூரை என இடையின ரகரம் பெற்றது வீட்டின் மேல்வேய்ந்ததைக் குறிப்பது. இவ்வேறுபாடறியாச் சிறுவன் வேடர் வீட்டின் மேற்கூரையைப் பிரித்துச் சென்றனர் என்று மயங்கினும் மயங்குவன். திருமணத்தில் மணமகட்கு உரிய புடவையைக் கூறைப்புடவை என்னும் வழக்கினைக் காட்டின் மயக்கம் அறும். அங்ஙனமே நகர் என்னும் சொல் பேரூரையன்றி மனையையும் கோயிலையும் குறித்துப் பழைய நூல்களில் வருதலின், மாநகர் என்றமையால் முருகன்பூண்டி அக்காலத்துப் பெரும்பட்டினமாயிருந்தது என்று விரைந்து துணிதல் கூடாது. சொல்லின் பொருள் வரையறுக்கப்படாதவிடத்து அதன்மேற் கட்டும் சரித்திரம் மணல்மேற் கட்டிய மதிலாய் முடியும்.

சொற்பொருள் தெளிந்தபின் எழும் வினா ஒன்றுண்டு. கள்வர் பொன்னையும் மணியையும் கவர்தல் இயல்பு. ஆடையைக் கவர்ந்தனர் என்று மீண்டும் மீண்டும் எடுத்தோதியது என்னை? இவ்வினாவிற்குத் திருப்பூர்ச் சிறுவன் பிறவூர்ச் சிறுவனினும் விரைந்து விடையிறுப்பான். பருத்தி பஞ்சாகி, பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சாயமேறி, வெட்டித் தைக்கப்பெற்று ஆடையாதற்குள் எத்துணைக் கைகள் உழைக்கின்றன என்பதை அவன் தன் இல்லத்தார் உழைப்பிலேயே கண்டவன். பொறிகளின் துணையோடு செய்யும் இன்றே இத்துணை உழைப்பாயின், கையால் நூற்றுக் கையால் நெய்த அன்று ஓர் ஆடை எத்துணை நாளைய உழைப்பாயிருந்திருக்கும் என்று அவன் கருதியறிவன். ஆடை அக்காலத்து அரும்பொருள். ஆகலின் அது கொள்ளைக்கும் உரிய பொருளாயிற்று. கொள்வார் தாமே கிழிந்த ஆடையர் என்ற குறிப்பும் இதனோடு பொருந்துகின்றது. அரசர் போரும் பட்டமும் மட்டுமே சரித்திரம் என்றிருந்த மாணவன், உடுக்குந் துணியின் விலையும் சரித்திரமே என்று இவ்வொரு சொல்லால் உணர்வன்.

இனி இங்கே ஒரு தடை நிகழும். ஆறலைத்தல் என்பது பாலைத்திணைக்கு உரிய பொருளாக அகநூற் புலவர் தொன்றுதொட்டுப் பாடிவரும் மரபன்றோ? அம்மரபு பற்றியே சுவாமிகளும் பாடினார் என்னின், அதனாற் கொங்குநாட்டின் உண்மை நிலை பெறப்படுமாறு எங்ஙனம்? இத்தடை வலியுடையது, மாணாக்கர் முன் இதனை மறைத்தலாகாது. இதற்கு விடை மூன்றாகும். அகநூற் பாலை பெரும்பாலும் ஊர்ப்பெயர் சுட்டாத வறுநிலம். ஈண்டோ முல்லை மணக்கும் ஊர் ஒன்று பெயர் சுட்டிக் கூறப்பட்டது. அகநூல் கூறுவது தலைவன் பிரிந்துசெல்லும் புனைந்துரை வழி. ஈண்டு வினவப்படுவது அவ்வூரிற் கோயில்கொண்ட இறைவனையே. மூன்றாவது விடையே சிறந்தது. அஃதாவது, இச்செய்தி இப்பதிகம் ஒன்றனோடு நில்லாது, அவிநாசிப் பதிகத்தினும் வேறொரு சூழலில் வருகின்றது என்பது.

அவிநாசிப் பதிகத்தின் மூன்றாந் திருப்பாட்டின் கருத்து இது: எங்குச் சென்றாலும் எம்பெருமானை நினைந்தால், கொங்குநாட்டிற் புகுந்தாலுங்கூடக் கூறையைப் பறித்து வழியலைப்பார் இல்லை; ஆயின் அடியேன் வேண்டிக்கொள்வது பிறவாமையே. ஈண்டுச் சுவாமிகளின் நோக்கம் வீடுபேறு. வழிப்பறிச் செய்தி இடையே ஓர் உவமைபோல வந்து செல்கின்றது. கொங்குநாட்டு வழி அச்சத்திற்கு இடமானது என்பதைக் கேட்போர் முன்னமே அறிந்திருந்தாலன்றி இவ்வுரை பொருள்படாது. எல்லாரும் அறிந்த அச்சமாகலின் அதனை விரித்து விளக்காமலே சுவாமிகள் குறித்துச் சென்றார். ஒரு பொருளை நாட்டவேண்டும் என்ற கருத்தோடு கூறுவான் கூற்றில் மிகைபடக் கூறலும் ஒருசார் நிற்றலும் நேரக்கூடும். வேறொன்றைக் கூறுங்கால் இடைப்பிறவரலாய் வீழ்ந்த சொல்லில் அவை நேர்தல் அரிது. ஆகலின் பாட்டின் தலைமைப் பொருளினும் பாட்டினுள் ஒதுங்கிக் கிடக்கும் சிறுசெய்தியே சரித்திர ஆசிரியனுக்கு உறுதி பயப்பது. இவ்வுண்மையை இளமையிலேயே அறிந்த மாணவன் பின்னர் எந்நூலைக் கற்பினும் நுனித்து நோக்கிக் கற்பான்.

சான்றுகளை நிறுத்துக் காணும் இம்முறை மேனாட்டாரிடத்திருந்து புதுவதாகப் பெறவேண்டுவதொன்றன்று. 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் தொடக்கத்தே அளவைகளை ஆராய்கின்றார். ஆறென்பாரும் பத்தென்பாரும் அவற்றின் மிக்கன என்பாரும் உளராயினும், அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு. காண்டலிலும் குற்றியோ மகனோ என்று ஐயுறுதலும், ஒன்றைப் பிறிதொன்றாகக் காணுந் திரிபும் நீக்கப்படல் வேண்டும். பிறர் கூறும் பத்தனுள் ஐதிகம் என்பதும் ஒன்று. இவ்வாலமரத்திற் பேயுண்டு என்று முதல் கூறினார் இன்னார் என்றறியப்படாது வழிவழி வருங் கூற்று அது. சைவ சித்தாந்தம் பயின்றார்க்கு நாடோறும் பழகிய இவ்வளவைகளே பள்ளியிற் சரித்திரம் பயிற்றுதற்கும் போதும். பதிகம் உரை, கல்வெட்டும் அகழ்ந்தெடுத்த பொருளும் காண்டற்குரியன, இரண்டையும் இயைத்து முடிவு காண்டல் கருதல், ஊரார் சொல்லும் கதை ஐதிகம். ஒவ்வொன்றற்கும் உரிய இடத்தை அறிந்து வைத்தலே முறை.

உரையுள்ளும் படிகள் உண்டு. திருமுருகன்பூண்டிப் பதிகத்துள் வேடர் உள்ளனர். அவர் சிவபூதங்கள் என்னும் செய்தி அதன்கண் இல்லை. சேரமான் பெருமாளிடம் பெரும்பொருள் பெற்று மீளும் சுவாமிகளின் பொருளைப் பறிக்குமாறு இறைவன் தன் பூதங்களை வேடர் வடிவிற் போக்கினான் என்பதும், பதிகம் பாடியபின் அப்பொருள் மீண்டது என்பதும் பெரியபுராணங் கூறுவன. சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தவர். அஃதாவது 12ஆம் நூற்றாண்டினர். சுவாமிகட்கும் அவர்க்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டு உண்டு. அவிநாசியினும் இவ்வாறே. நான்காந் திருப்பாட்டு, முதலையும் காலனும் பிள்ளையைத் தருமாறு சொல்லுக என்று இறைவனை வேண்டுகின்றது. பிள்ளை மீண்ட வரலாறும், ஒரு வீட்டில் உபநயன மங்கலமும் எதிர்வீட்டில் அழுகையும் ஒருங்கே கேட்ட செய்தியும் சேக்கிழார் விரித்தன. இரண்டாந் திருப்பாட்டிற் குளத்தில் இறங்கினவன் மாணி எனப்படுகின்றான். மாணி என்பது பிரமசாரிக்குரிய பெயர். புராணத்துச் சிறுவனோ உபநயனம் பெறுமுன் மறைந்தவன். இவ்விரண்டனையும் எங்ஙனம் இயைத்துக் கொள்வது என்பதை மாணாக்கரே ஆராயுமாறு விடுதல் ஆசிரியனுக்கு அழகு. ஆசிரியன் தானே முடிவு கூறிவிடின் அஃது இன்னுமொரு மனனப்பாடமாய் ஒழியும்.

புராணம் பிற்பட்டதாகலின் சரித்திரத்திற்குப் பயன்படாது என்று கொள்ளற்க. அது 8ஆம் நூற்றாண்டிற்கு இரண்டாந்தரச் சான்றாயினும், தான் தோன்றிய 12ஆம் நூற்றாண்டிற்கு முதற்றரச் சான்றாம். வீதியில் எதிரெதிர் இல்லங்கள் அமைந்தவாறும், உபநயனம் ஊரறியக் கொண்டாடப்பட்டவாறும், சோழநாட்டுச் சான்றோர் கொங்குநாட்டை நோக்கியவாறும் அதனால் அறியப்படும். எந்நூலும் தான் கூறும் காலத்திற்கு மட்டுமன்றித் தான் எழுந்த காலத்திற்கும் சான்று என்பது இதனாற் போதரும்.

இனிக் காண்டலளவைக்கு உரியவற்றை நோக்குக. மேற்குமலைத் தொடரில் அமைந்த பாலைக்காட்டுக் கணவாய் வழியே சேரநாட்டையும் சோழநாட்டையும் இணைக்கும் பெருவழி கொங்குநாட்டை ஊடறுத்துச் சென்றது. அவ்வழியை அடுத்த வெள்ளலூர், பொள்ளாச்சி, கருவூர் முதலிய இடங்களில் உரோம நாணயங்கள் கிடைத்துள்ளன. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களிலும் அதன்பின்னும் அகழ்ந்தாராய்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் கடைந்த தொழிற்களங்களும், தமிழெழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. நூல் நூற்ற தக்களியின் சுடுமண் வட்டுக்களும் கிடைத்தமையால் இந்நிலத்தில் நூற்புத்தொழிலின் பழமையும் புலனாகின்றது. இவ்வூர்க்கும் செய்யுட்கும் உள்ள தொடர்பு வியக்கத்தக்கது. பதிற்றுப்பத்தின் 67ஆம் பாட்டிற் கபிலரும் 74ஆம் பாட்டில் அரிசில்கிழாரும் கொடுமணம் என்னும் ஊரின் அணிகலத் தொழிற்சிறப்பைக் குறித்துள்ளனர். உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1904ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அவ்வூர் நொய்யற்கரைக் கொடுமணலே என்பதை மண்வெட்டி உறுதிப்படுத்துதற்கு அதன்பின் எண்பது ஆண்டு சென்றது. உரையும் காண்டலும் ஒன்றையொன்று தாங்கிநிற்றற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

கோயமுத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையொன்றில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டு, உடன் ஒரு வெண்பாவும் வெட்டப்பட்டுள்ளது. அது முதல் ஆதித்த சோழன் காலத்தது, அஃதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியது என்பர். எல்லைக் காவல் இல்லையே என்று சுவாமிகள் வினவிய நாட்டில், பின்னொரு காலத்து அரசன் ஒருவன் வழிக்குத் தன் பெயரிட்டுக் கல்லிற் பாட்டும் வெட்டுவித்தான். இரண்டனையும் அருகருகே வைத்துக் காணும் மாணவன், அரசு என்பது வழியைத் தன்னதாக்கி நிற்பதும் ஆம் என்று கருதுவன். ஆயினும் பாறைவெட்டு எழுந்த அன்றே வழிப்பறி ஒழிந்தது என்று கூறின் அது கருதலன்று, வெறுங் கற்பனை. கல்வெட்டு அரசன் வாக்கு, வழிச்சென்றான் வாக்கன்று.

செய்யுளை முழுவதும் நம்பி இடர்ப்பட்டாரும் உளர். ஓமர் என்னும் யவனப் புலவரின் இலியதக் காப்பியத்தை வழிகாட்டியாகக் கொண்டு செருமானியராகிய சிலீமன் துருக்கிநாட்டில் அகழ்ந்தார். பாட்டு அவரை உரிய இடத்திற்கே கொண்டுசென்றது. அதுகாறும் அதனைப் பொய்க்கதை என்றார் நாணினர். ஆயின் 1873ஆம் ஆண்டில் அவர் கண்டெடுத்துப் பாட்டுடை அரசனது செல்வம் என்று அறிவித்த பொன்னணிகள், அப்போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முற்பட்டன என்பது பின்னர்த் தெளியப்பட்டது. இடம் மெய்யாயிற்று, காலம் பிழையாயிற்று. தமிழகத்தினும் பெயரொப்புமை ஒன்றே பற்றி நேர்ந்த பிழை உண்டு. மார்க்கோபோலோ கூறிய பாண்டியனையும் திருஞானசம்பந்தர் காலத்துப் பாண்டியனையும் ஒருவராகக் கொண்டு, கால்டுவெல் ஐயர் சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டினர் என்றார். 1890களில் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அதனை மறுத்து நிறுவினார். 1014ஆம் ஆண்டுவரை அரசாண்ட முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரை நியமித்த கல்வெட்டு ஒன்றே அவ்வரசனுக்குப் பதிகங்கள் முற்பட்டன என்பதற்குச் சாலும். நம்பினாரும் ஐயுற்றாரும் ஆகிய இருதிறத்தாரும் அளவை வழுவியவிடத்து ஒருங்கே வழுவினர்.

இவற்றினும் கவனித்தற்குரியது ஒன்றுண்டு. கொங்குநாட்டு வேடரைப் பற்றிப் பதிகங்கள் கூறுவன யாவும் வழிச்செல்வார் பக்கத்துக் கூற்று. சுவாமிகள் திருமுனைப்பாடி நாட்டிற் றோன்றித் திருவாரூரில் வாழ்ந்தவர், கொங்குநாட்டைக் கடந்துசென்றவர். கூறை பறிகொடுத்தார்க்குப் பாடல் உண்டு. பறித்த வேடர்க்குப் பாடல் இல்லை. அவர் நிலம் யாருடையது, வழி யார் நிலத்தின்மேற் சென்றது, அவர் கிழிந்த கூறை உடுத்திருந்தது என்னை என்பனவற்றை அவர் வாய்மொழியாக அறிதற்கு இடமில்லை. பேசுவார் கூற்றைக் கேட்குங்கால் பேசாதாரையும் நினைத்தல் நீதி மன்றத்திற்கும் பள்ளிக்கும் ஒப்ப உரிய கடமை. வடுகர் என்றும் வேடர் என்றும் பதிகத்துள் வரும் பெயர்களைக் கொண்டு இன்று வாழும் எம்மரபினர்மேலும் பழியேற்றுதல் பெருந்தவறு. ஆயிரத்திருநூறு ஆண்டுப் பழைமையுடைய ஒரு வழிச்செலவின் அச்சத்தை வகுப்பில் இருக்கும் ஒரு சிறுவன் தலையிற் சுமத்துதல் சரித்திரமும் அன்று, சைவமும் அன்று. அவ்வேடர் குலத்திலேயே தோன்றிய கண்ணப்பரைத் தமக்குத் தலைவராக வைத்துத் திருத்தொண்டத்தொகையிற் போற்றியவரும் சுந்தரமூர்த்தி சுவாமிகளே. இதனை உடன்கூறாது முருகன்பூண்டிப் பதிகத்தை மட்டும் பயிற்றும் ஆசிரியன் பாதியே பயிற்றினான் ஆவன்.

வெளியார் கூற்றிற்கு எதிராக உள்ளார் கூற்றும் உண்டு. கார்மேகக் கவிஞர் இயற்றிய கொங்கு மண்டல சதகம் இந்நாட்டு வள்ளல், புலவர், தலம் ஆகியவற்றின் செய்திகளைத் தொகுத்துரைக்கின்றது. திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் அதனை ஆராய்ந்து வெளியிட்டுக் கொங்குநாட்டுச் சரித்திர ஆராய்ச்சிக்கு வழிகோலினார். அந்நூற் பாடல்கள் கொங்கு மண்டலத்தின் பெருமையையே முடிபாகக் கொண்டன. ஆகலின் குறை கூறுதற்கு அங்கு இடமில்லை. பதிகத்தில் அச்சமும் சதகத்திற் பெருமிதமும் மிக்கு நிற்கின்றன. இரண்டனையும் ஒருங்கு கற்ற மாணவன், கூறுவான் நிலைக்கேற்பக் கூற்று வேறுபடும் என்பதை எவரும் சொல்லாமலே உணர்வன்.

அற்றேல், தெய்வப் பதிகத்தை இங்ஙனம் சான்றாக நிறுத்துக் காண்டல் பத்திக்கு இழுக்காகாதோ எனின், ஆகாது. வீடுபேறும் இறைவன் இயல்பும் பற்றிக் கூறுமிடத்துப் பதிகம் சைவர்க்கு அருள்வாக்கு. அங்கு அளத்தற்குரிய துலாக்கோல் பள்ளிச் சரித்திரத்தினிடம் இல்லை. வழியும் ஊரும் குளமும் பற்றிக் கூறுமிடத்து அதுவே நேர்கண்டார் கூற்று. அங்கு அதனை அளத்தல் அதனை மதித்தலேயாம். முதலை பிள்ளையைத் தந்த அருட்செயலை உண்டென்று நாட்டுதலும் இல்லென்று மறுத்தலும் சரித்திர ஆசிரியன் தொழிலல்ல. அக்குளக்கரையில் வழிச்செல்வார் தங்கினர், பிள்ளையை இழந்தார் துயரம் அயல்நாட்டிலிருந்து வந்த அடியார் ஒருவர் நெஞ்சை உருக்கிற்று என்பவற்றைக் காட்டுதலோடு அவன் எல்லை முடியும். அவ்வெல்லையை அவன் கடவாதவரை பத்தியுடையானும் பத்தியில்லானும் ஒரே வகுப்பில் ஒருங்கிருந்து கற்றல் கூடும். பாட்டைப் புறக்கணித்துக் கல்லையும் ஓட்டையும் மட்டுமே கொள்வான் வழியைக் காண்பன். வழிச்சென்றான் அஞ்சிய அச்சத்தைக் காணான்.

இனிப் பயிற்றுமுறை சுருங்கக் கூறப்படும். முதல்நாள் பதிகத்தைப் பண்ணோடு கேட்பித்துச் சொற்பொருள் தெளிவிக்க. இரண்டாம்நாள், பதிகத்திற் கூறப்பட்டன இவை, கூறப்படாதன இவை என்று இருநிரலாக மாணாக்கரே எழுதுக. பூதங்கள் எந்நிரலில் விழும் என்று காண்க. மூன்றாம்நாள் பெரியபுராணத்துப் பகுதியைக் கற்று, நானூறாண்டு இடையிட்டு நின்ற இரு சான்றுகளையும் ஒப்புநோக்குக. நான்காம்நாள் திருமுருகன்பூண்டிக்கும் அவிநாசிக்கும் நேரிற் சென்று கோயிலையும் குளத்தையும் வழியையும் காண்க. இயலுமாயின் கொடுமணலையும் காண்க. ஐந்தாம்நாள் வேடன் ஒருவன் தன் பக்கத்து நியாயத்தை உரைப்பதாக வைத்து ஒவ்வொருவரும் சில வரி எழுதுக. அது சரித்திரமன்று, கருதிப்பார்த்தல் மட்டுமே என்று தலைப்பில் தவறாது குறிக்க. தேர்வில் ஆண்டெண்ணை மட்டும் வினவாது, இதனை எங்ஙனம் அறிந்தாய் என்றும் வினவுக. அவ்வினாவிற்கு விடையிறுக்கக் கற்றவனே சரித்திரம் கற்றவன்.

திருப்பூர்ப் பள்ளிகளில் இன்று கற்கும் சிறுவருட் பலர் இந்நாட்டிற் பிறந்தவரல்லர். தென்மாவட்டங்களிலிருந்தும் பீகாரம், ஒடிசா முதலிய வடநாடுகளிலிருந்தும் பின்னலாடைத் தொழிலை நாடிவந்தாருடைய மக்கள் அவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் காலத்துக் கொங்கிற் புகுவார் தம் கூறை பறிபோகுமோ என்று அஞ்சிப் புகுந்தனர். இற்றைநாள் புகுவார் கூறை செய்து உயிர்வாழ்தற்பொருட்டுப் புகுகின்றனர். வேற்றுநாட்டிலிருந்து வந்து இவ்வழியிற் சென்ற ஒருவர் வாக்கிலிருந்தே இந்நாட்டின் பழஞ்செய்தி பெறப்படுதலின், வந்தவர் மக்களும் உள்ளவர் மக்களும் அப்பாட்டினை ஒருங்கே தமதாகக் கொள்ளுதற்கு உரிமையுடையர். அவ்வுரிமையை அவர்க்கு அளித்தல் ஆசிரியர் கடன்.